‘மேக்சிமம்’ போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

கணினி விளையாட்டு நடுவில் தடங்கினாலும் சரி, திரை கறுத்துப் போய்க் கணினி தானாக மறுபடி தொடங்கினாலும் சரி, நண்பர்கள் வட்டத்தில் முதலில் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: “கிராபிக்ஸ் கார்டு பவர் செட்டிங்கை மேக்சிமம் போடு.” அதுவும் உதவவில்லை என்றால் அடுத்த ஆலோசனை தயாராக இருக்கும்: “கார்டு போய்விட்டது, புதிதாக வாங்கு.”

இந்த இரண்டு ஆலோசனைகளையும் நான் ஏற்கவில்லை. முதலாவது, கோளாறு என்னவென்று பார்க்காமலே மருந்து கொடுப்பது. இரண்டாவது, பெற்றோரின் சேமிப்பில் கை வைப்பது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் குடும்பம் ஒன்று தன் பிள்ளைக்குப் பழைய கணினியாவது வாங்கித் தருகிறது என்றால், அதற்குப் பின்னால் எத்தனை மாதச் சிக்கனம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கணினி விளையாட்டுக்கு மட்டும் இல்லை. பள்ளிப் பாடம், நிரல் எழுதுதல், காணொளி தொகுத்தல் எல்லாம் அதில்தான். அதைக் காப்பாற்றத் தேவையான அறிவு கடையில் விற்கப்படுவதில்லை. படிவம் 4, படிவம் 5 இயற்பியல் நூல்களில் பெரும்பகுதி ஏற்கனவே இருக்கிறது.

மலையிலேயே இருக்கும் பாடம்

கிராபிக்ஸ் கார்டு ஏன் தன் வேகத்தைத் தானே ஏற்றி இறக்குகிறது? இதைப் புரிந்துகொள்ள ரிங்லெட் ஏரியைப் பார்த்தால் போதும்.

பெர்தாம் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணைக்கட்டுதான் அந்த ஏரியை உருவாக்கியது. தெலோம் ஆற்று நீரும் சுரங்கப் பாதை வழியாக இந்தப் பக்கம் திருப்பிவிடப்படுகிறது. ஏரியில் சேரும் நீர், மலையைக் குடைந்து அமைத்த சுரங்கம் வழியாக இறங்கி, நிலத்துக்கடியில் இருக்கும் சுல்தான் யூசோப் மின்நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றுகிறது. 1963-இல் செயல்படத் தொடங்கிய இந்த நிலையத்தின் திறன் 100 மெகாவாட். தலா 25 மெகாவாட் கொண்ட 4 இயந்திரங்கள் அங்கே உள்ளன. 2016-இல் வந்த உலு ஜெலாய் திட்டம் 372 மெகாவாட் திறன் கொண்டது.

இத்தனை திறன் இருந்தும் இந்த நிலையங்கள் நாள் முழுவதும் உச்சத்தில் ஓடுவதில்லை. நாட்டில் மின்தேவை குறைவான நேரத்தில் நீரைத் தேக்கி வைத்து, தேவை கூடும் நேரத்தில் திறந்துவிடுகிறார்கள். நீர்மின் நிலையத்தின் பெரிய வசதியே அதுதான். சில நிமிடங்களில் உற்பத்தியை ஏற்றலாம், இறக்கலாம். எந்நேரமும் முழு வேகத்தில் ஓட்டினால் ஏரி வற்றும், இயந்திரம் தேயும், தேவையான நேரத்தில் நீர் இருக்காது.

கிராபிக்ஸ் கார்டும் அப்படித்தான். நீங்கள் கட்டுரை தட்டச்சு செய்யும்போது அதன் கடிகார வேகம் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். விளையாட்டில் வெடிப்புக் காட்சி வந்தவுடன் 2,000 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனிப்பதுதான் ‘பவர் மேனேஜ்மெண்ட்’. என்விடியா கண்ட்ரோல் பேனலில் இதற்கு ‘நார்மல்’ என்றும் ‘பிரிஃபர் மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ்’ என்றும் தேர்வுகள் உள்ளன. இரண்டாவதைப் பொது அமைப்பாகப் போட்டால், சும்மா இருக்கும்போதும் கார்டு வேகத்தைச் சரியாக இறக்காது. மழை இல்லாத நேரத்திலும் மதகைத் திறந்தே வைப்பதற்கு ஒப்பானது அது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தத் தேர்வு கார்டின் உச்ச வேகத்தைக் கூட்டுவதில்லை. வேகம் கீழே இறங்காமல் தடுக்கிறது, அவ்வளவுதான். ஏற்கனவே முழு மூச்சில் ஓடும் விளையாட்டுக்கு அதனால் ஒரு பிரேம்கூட அதிகம் கிடைக்காமல் போகலாம்.

மின்னழுத்தத்தின் இருமடி

உச்ச வேகம் எப்போதும் நல்லதில்லை என்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு. சில்லுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் மாறி மாறித் திறந்து மூடும்போது செலவாகும் மின்சக்தி, கடிகார வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. மின்னழுத்தத்துக்கோ அதன் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். அதனால் கடைசிச் சிறு வேகத்துக்குக் கொடுக்கும் விலை மிக அதிகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கார்டு 1.05 வோல்டில் ஓடுகிறது. அதை 0.95 வோல்டுக்கு இறக்குகிறோம். 0.95-ஐ 1.05-ஆல் வகுத்து இருமடியாக்கினால் ஏறக்குறைய 0.82 வரும். வேகம் மாறாமலே இந்த வகைச் செலவு 18 விழுக்காடு குறைகிறது. கூடவே வேகத்தையும் 5 விழுக்காடு குறைத்தால் மொத்தக் குறைப்பு 22 விழுக்காடு. வேகத்தில் இழந்தது 5, வெப்பத்தில் குறைந்தது 22. திரையில் 5 விழுக்காட்டு வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். காற்றாடியின் இரைச்சல் குறைந்தால் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். கொழுந்தை வாட்டுவதற்கும் கடைசியில் உலர்த்துவதற்கும் வெப்பம் வேண்டும். அதற்காக உலர்த்தியின் சூட்டை எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஏற்றிவிடுவார்களா? தூள் கருகிப்போகும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பதுதான் அந்தத் தொழிலின் அறிவு. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியதிலிருந்து இந்த மலையில் அந்த அறிவோடு வேலை நடந்து வருகிறது. உங்கள் மேசை மேல் இருக்கும் கணினிக்கும் அதே அறிவுதான் வேண்டும்.

அறிகுறியைப் பார், பிறகு கை வை

கோளாறு பார்க்கும்போது முதல் விதி: எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து எழுதி வையுங்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரிலேயே கார்டின் பயன்பாடும், பெரும்பாலான தனிக் கார்டுகளின் வெப்பநிலையும் தெரியும். எச்டபிள்யூ இன்ஃபோ, எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள்கள் கடிகார வேகம், வாட் அளவு, காற்றாடி வேகம் எல்லாவற்றையும் காட்டும். ஒரே விளையாட்டின் ஒரே இடத்தில் 15 நிமிடம் ஓட்டி, எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது விதி: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஐந்தை ஒன்றாக மாற்றி, கணினி சரியாகிவிட்டாலும், எது சரிசெய்தது என்று உங்களுக்குத் தெரியாது.

இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

தொடக்கத்திலிருந்தே விளையாட்டு மெதுவாக இருக்கிறதா? முதலில் திரையின் கேபிளைப் பாருங்கள். அது கிராபிக்ஸ் கார்டில் செருகப்படாமல் மதர்போர்டில் செருகப்பட்டிருந்தால், தனிக் கார்டு சும்மா இருக்க, செயலியோடு சேர்ந்த சிறிய கிராபிக்ஸே வேலை செய்துகொண்டிருக்கலாம். மடிக்கணினியாக இருந்தால் சார்ஜர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது கார்டுக்குப் போகும் வாட் அளவு கடுமையாகக் குறைக்கப்படும். மின்கலத்தால் அவ்வளவு சக்தியை ஒரே நேரத்தில் கொடுக்க முடியாது என்பதால் இது கோளாறு இல்லை, பாதுகாப்பு. பிறகு விண்டோஸின் ‘கிராபிக்ஸ்’ அமைப்பில் அந்த விளையாட்டுக்கு எந்தக் கார்டு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மெதுவாகிறதா? அது வெப்பம். சில்லு குறிப்பிட்ட வெப்பநிலையைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. இந்த நிலையில் ‘மேக்சிமம்’ போடுவது, காய்ச்சல்காரனை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவதுதான். தூசியைத் துடைப்பதும் காற்று வழியைத் திறப்பதுமே மருந்து.

கனமான காட்சியில் கணினி அப்படியே அணைந்து மறுபடி தொடங்குகிறதா? பவர் சப்ளையைச் சந்தேகப்படுங்கள். மதர்போர்டின் செருகுமிடம் கார்டுக்குக் கொடுக்கக்கூடியது 75 வாட். 6 முனைக் கேபிள் 75 வாட், 8 முனைக் கேபிள் 150 வாட். 2019-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 கார்டின் அளவு 75 வாட். அதன் பல மாடல்களுக்குத் தனிக் கேபிளே வேண்டாம். ஆர்.டி.எக்ஸ். 3060-க்கு 170 வாட் வேண்டும். பழைய அலுவலகக் கணினியை வாங்கி, அதன் சிறிய பவர் சப்ளையை மாற்றாமல் பெரிய கார்டைப் போட்டால், சராசரி வாட் கணக்குச் சரியாக இருந்தாலும், கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தேவை துள்ளும்போது பவர் சப்ளை தன்னை அணைத்துக்கொள்ளும். விண்டோஸ் பதிவேட்டில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பிழை அப்போது தெரியும். அது காரணம் இல்லை. ‘கணினி முறையாக அணைக்கப்படவில்லை’ என்ற செய்தி மட்டுமே. இங்கே செய்ய வேண்டிய சோதனை ‘மேக்சிமத்துக்கு’ நேர் எதிரானது. கார்டின் பவர் லிமிட்டை 80 விழுக்காட்டுக்கு இறக்கிப் பாருங்கள். அணைவது நின்றுவிட்டால், மின்சாரம் போதாமைதான் காரணம் என்பதற்கு வலுவான தடயம் கிடைத்துவிட்டது. புதிய கார்டு வாங்கியிருந்தால் காசும் போய், கோளாறும் அப்படியே இருந்திருக்கும்.

கணினி சிறிது நேரம் சும்மா இருந்து விழிக்கும்போது மட்டும் திரை கறுத்துப் போகிறதா? விண்டோஸ் பவர் அமைப்பில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற தலைப்பின் கீழ் ‘லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மெண்ட்’ என்று ஒன்று இருக்கும். கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான இணைப்பை ஓய்வு நேரத்தில் உறங்க வைப்பது அது. அதை அணைத்துச் சோதிக்கலாம்.

பழைய, எளிய விளையாட்டில் மட்டும் அடிக்கடி சிறு தடங்கல் வருகிறதா? கடிகார வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதை அளவீட்டில் பார்த்தால், ‘வேலை குறைவு’ என்று கார்டு வேகத்தை இறக்கி, அடுத்த காட்சிக்கு ஏற்றத் தாமதிக்கிறது என்று பொருள். இங்கேதான் ‘பிரிஃபர் மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ்’ உண்மையிலேயே உதவும். அப்போதும் பொது அமைப்பில் போடாமல், அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் போடுங்கள்.

ஐந்து அறிகுறிகளில் ஒன்றுக்குத்தான் அந்தப் புகழ்பெற்ற ஆலோசனை பொருந்துகிறது. மற்றவற்றில் பயன் இல்லை, சிலவற்றில் நிலைமையை மோசமாக்கும்.

மலைக்காற்று நண்பனா?

“எங்கள் ஊரில் குளிர்தானே, கணினிக்குச் சூடு ஏறாது” என்று மலைப்பகுதி மாணவர்கள் நினைப்பதுண்டு. பாதி உண்மை.

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 85 விழுக்காடு. காற்று மெலிந்திருப்பதால், காற்றாடி அதே வேகத்தில் சுற்றினாலும் குறைந்த நிறையுள்ள காற்றையே தள்ளுகிறது. அது சுமந்து செல்லும் வெப்பமும் குறைவு. ஆனால் குளிர்ந்த காற்று சற்று அடர்த்தியாகும். படிவம் 4 வாயு விதிகளைக் கொண்டு கணக்கிட்டால், 32 பாகை செல்சியஸில் இருக்கும் கிள்ளான் காற்றோடு ஒப்பிடும்போது, 20 பாகையில் இருக்கும் தானா ராத்தா காற்றின் அடர்த்தி சுமார் 88 விழுக்காடு.

கிள்ளானில் ஒரு சில்லு அறையின் வெப்பநிலைக்கு மேல் 45 பாகை ஏறி 77 பாகையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கணினியை மலைக்குக் கொண்டுவந்தால், எளிமையாகக் கணக்கிட்டால், ஏற்றம் 51 பாகை ஆகலாம். 20-உம் 51-உம் சேர்ந்து 71. குளிர் இன்னும் நம் பக்கம்தான். ஆனால் நினைத்தபடி 12 பாகை லாபம் கிடைக்கவில்லை, 6 பாகைதான். குளிருக்காகச் சன்னலை அடைத்து, மடிக்கணினியைக் கம்பளி மேல் வைத்து விளையாடினால் அந்த ஆறும் போய்விடும்.

மலையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதிகாலைக் குளிரில் கிடந்த மடிக்கணினியைக் காரில் போட்டுத் தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ கொண்டுபோய், இறங்கியவுடன் பையைத் திறந்து இயக்காதீர்கள். சமவெளியின் வெப்பமான, ஈரமான காற்று குளிர்ந்த உலோகத்தின் மேல் பட்டால் நீர்த்துளியாகப் படியும். ஐஸ் மைலோ கோப்பையின் வெளிப்புறம் நனைவதும் இதனால்தான். பையை மூடியபடியே சிறிது நேரம் விட்டு, கணினி சூழலின் வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் போதும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே பாடம்

மின்சக்தி நிர்வாகம் மாணவர்களின் தலைவலி மட்டும் இல்லை. 2016-இல் ஏ.எம்.டி. நிறுவனம் ஆர்.எக்ஸ். 480 கார்டை வெளியிட்டது. 150 வாட் கார்டு, ஒரே ஒரு 6 முனைக் கேபிள். ஆய்வு செய்தவர்கள் அளந்து பார்த்தபோது, அது மதர்போர்டின் செருகுமிடத்திலிருந்து அனுமதித்த அளவைத் தாண்டி மின்சாரம் இழுப்பது தெரியவந்தது. சில நாள்களிலேயே ஏ.எம்.டி. புதிய டிரைவர் மென்பொருளை வெளியிட்டு, அந்தச் சுமையை மாற்றிப் பகிர்ந்தது. சுத்தியலும் திருப்புளியும் இல்லாமல், அமைப்பை மாற்றியே ஒரு குறை தீர்ந்தது. அதைக் கண்டுபிடித்தது அளவீடு.

2021 ஜூலையில் அமேசானின் ‘நியூ வேர்ல்ட்’ விளையாட்டைச் சோதனையில் விளையாடியவர்களின் விலையுயர்ந்த ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டுகள் சில செத்துப்போயின. விளையாட்டின் மெனு திரையில் பிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. வெறும் பட்டியலைக் காட்டுவதற்குக் கார்டு மூச்சிரைக்க ஓடியது. அமேசான் மெனுவுக்கு வரம்பு போட்டது. கார்டு தயாரித்த இ.வி.ஜி.ஏ. நிறுவனம், ஒரு சிறு தொகுதிக் கார்டுகளில் பற்றவைப்புக் குறை இருந்ததாகப் பின்னர் விளக்கியது. தேவையற்ற உச்ச ஓட்டமும் மறைந்திருந்த பலவீனமும் சந்தித்த இடம் அது.

2022-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090-இன் அளவு 450 வாட். அதன் புதிய வகை மின் இணைப்பான்கள் சில உருகியபோது, முழுமையாகச் செருகப்படாததே பெரும்பாலும் காரணம் என்று என்விடியா கூறியது. 2016-இல் ஜி.டி.எக்ஸ். 1080-க்கு 180 வாட் போதுமாக இருந்தது. 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5090-க்கு 575 வாட். வாட் ஏற ஏற, ஒரு தளர்ந்த செருகலுக்கும் விலை கூடிக்கொண்டே போகிறது.

கரண்ட் பில் கணக்கு

“இந்தக் கம்ப்யூட்டரால்தான் பில் ஏறுகிறது” என்று வீட்டில் சொன்னால் கோபப்படாதீர்கள், வாதாடாதீர்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு யூனிட்டுக்கு 40 சென் என்று வைத்துக்கொள்வோம். விளையாடும்போது கணினி 300 வாட் எடுக்கிறது, நாளைக்கு 3 மணி நேரம். மாதத்துக்கு 27 யூனிட், 10 ரிங்கிட் 80 சென். உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ்தான் என்றால், அதற்கு மேல் உருவாகும் பிரேம்களை அது முழுமையாகக் காட்டவே முடியாது. 60-இல் வரம்பு போட்டு 200 வாட்டுக்கு இறங்கினால் 18 யூனிட், 7 ரிங்கிட் 20 சென்.

மிச்சம் 3 ரிங்கிட் 60 சென். பெரிய தொகை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மலைப்பகுதி வீடுகளில் இருக்கும் 3,600 வாட் வெந்நீர்க் கருவியை 5 பேர் தலா 10 நிமிடம் பயன்படுத்தினால் நாளைக்கு 3 யூனிட், மாதத்துக்கு 90 யூனிட், 36 ரிங்கிட். குளியலறையில் ஆளுக்கு இரண்டு நிமிடம் குறைத்தாலே மாதம் 7 ரிங்கிட் 20 சென் மிஞ்சும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் பிள்ளையை எந்த அம்மாவும் சற்று மரியாதையோடுதான் பார்ப்பார். ஆனால் 3 மணி நேரம் விளையாட வேண்டுமா என்ற கேள்வி வேறு. அதற்கு வாட் கணக்கு பதில் சொல்லாது.

பணத்தைவிட முக்கியமானது வேறொன்று. 100 வாட் குறைந்தால் 100 வாட் வெப்பம் குறைகிறது. பவர் சப்ளை இலகுவாக ஓடுகிறது, காற்றாடி மெதுவாகச் சுற்றுகிறது. பழைய கணினியின் ஆயுளுக்கு இது நல்லது. மாற்றுக் கணினி வாங்க வழியில்லாத வீட்டில் அதுதான் பெரிய லாபம்.

விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள்

ஆசிரியர்களும் பெற்றோரும் ஒரு மறுப்பு சொல்வார்கள்: “கேமுக்காகச் செய்வதெல்லாம் அறிவியலா? அந்த நேரத்தில் படிக்கலாமே.” இந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. அமைப்புகளைத் திருகிக்கொண்டே இரவைக் கழிக்கும் மாணவர்கள் உண்டு. அது ஆராய்ச்சி இல்லை, அலைக்கழிப்பு. ஆனால் அளந்து, ஊகித்து, ஒரு மாறியை மட்டும் மாற்றி, மறுபடி அளந்து, முடிவை எழுதி வைக்கும் மாணவர் செய்வது படிவம் 4 இயற்பியலின் முதல் பாடம் சொல்வதைத்தான். ஆய்வுக்கூடத்தில் ஊசல் குண்டை ஆட்டும்போது விடையை மனப்பாடம் செய்துவிடலாம். தன் கணினி ஏன் அணைகிறது என்பதற்கு விடைநூல் கிடையாது.

இந்த அறிவுக்கு வெளியே தேவையும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கு உதவும் என்விடியா எச்100 சில்லு ஒன்றுக்கு 700 வாட் வரை வேண்டும். அத்தகைய சில்லுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கும் தரவு மையங்கள் ஜொகூரில் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் பொறியாளர்களின் அன்றாடக் கேள்வியும் இதுதான்: எவ்வளவு வாட் கொடுத்தால் எவ்வளவு வேலை கிடைக்கும், வெப்பத்தை எங்கே தள்ளுவது? நாளை அந்த நாற்காலியில் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் உட்கார வேண்டும் என்றால், இன்று வீட்டில் இருக்கும் பழைய கார்டை அவர் ஆய்வுப் பொருளாகப் பார்க்கத் தொடங்க வேண்டும்.

ஆகவே பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். கணினிக் கழகத்துக்குச் சுவர் பிளக்கில் செருகும் வாட் அளவி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். ஒரே கணினியை ‘நார்மல்’, ‘மேக்சிமம்’, ‘60 பிரேம் வரம்பு’ என மூன்று நிலைகளில் ஓட்டி, வாட், வெப்பநிலை, பிரேம் எண்ணிக்கை மூன்றையும் அட்டவணை போடச் சொல்லுங்கள். கேமரன் மலைப் பள்ளி ஒன்றும் தாப்பாவில் இருக்கும் பள்ளி ஒன்றும் ஒரே மாடல் மடிக்கணினியில் இதைச் செய்து முடிவுகளை ஒப்பிட்டால், உயரத்தின் விளைவைப் பற்றி நான் மேலே போட்ட எளிய கணக்குச் சரியா என்றும் தெரிந்துவிடும்.

மாணவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். தூசி துடைக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். மூன்று முனைப் பிளக்கின் நில இணைப்பைத் தவிர்க்காதீர்கள். இடிமழை தொடங்கினால் விளையாட்டை நிறுத்திப் பிளக்கை எடுத்துவிடுங்கள். வெப்ப வரம்பு, பவர் லிமிட் போன்ற பாதுகாப்புகளை உயர்த்திப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள்.

ரிங்லெட் ஏரிக்கே இப்போது ஒரு சிக்கல் உண்டு. சரிவுகளில் நிலம் திருத்துவதால் அடித்து வரப்படும் மண் அதில் படிந்து, நீர் தேங்கும் இடத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. அந்த மண்ணைத் தோண்டி எடுக்கப் பெரும் செலவாகிறது. நம் பிளக் வழியாக வரும் ஒவ்வொரு வாட்டுக்கும் பின்னால் ஓர் ஆறோ, எரிவாயுவோ, நிலக்கரியோ இருக்கிறது. வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு எடுப்பதே சரியான அமைப்பு. அடுத்த முறை யாராவது “மேக்சிமம் போடு” என்றால், “எவ்வளவு வாட், எத்தனை பாகை, எந்த நிமிடத்தில்?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரின் ஆலோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.